வலிச்சா சொல்லுங்க

ஜெபர்சனுக்கு முதுகில் வலி என்பது தெருவுக்கே தெரிந்த பிறகுதான் ஜெபர்சன் அதை ஒப்புக்கொண்டான். அதுவும் முழுசாக இல்லை. "லைட்டா புடிச்சிக்கினு கீது, சரியாப்பூடும்" என்றான். லைட்டாகப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனுஷன் ஷிப்ட் முடிந்து வந்து, பைக்கிலிருந்து காலைத் தூக்கி இறங்க முடியாமல், பென்னலூரில் தன் வீட்டு வாசலிலேயே ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி ஷீபா பார்த்துவிட்டு இறங்கி வந்து என்னவென்று கேட்டாள். "ஒரு போன் வரணும், அதான் வெயிட் பண்ணிக்கினு கீறேன்" என்றான். காலையில் மறந்து வைத்துவிட்டுப் போன அவன் போன் வீட்டுக்குள் அலமாரி மேல் கிடந்தது.

இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? குடிக்கிற புருஷனைப் பற்றிப் புலம்பினால் நாலு பேர் கூட உட்கார்ந்து புலம்புவார்கள். வலிக்கிறது என்று வாயைத் திறக்காத புருஷனைப் பற்றிப் புலம்பினால், "உனக்கு இன்னாடி கொறச்சல், தங்கமான மனுஷன்" என்பார்கள். ஒருமுறை கம்பெனியில் இரும்பு ஃபிரேம் ஒன்று காலில் விழுந்து கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. தங்கமான மனுஷன் ஷிப்டை முடித்து, ஓ.டி.யும் பார்த்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டான். மறுநாள் துவைக்க எடுத்த சாக்ஸ் ரத்தம் காய்ந்து விறைத்திருந்ததைப் பார்த்துத்தான் ஷீபாவுக்கு விஷயமே தெரிந்தது.

அவனைப் பிடித்து உட்காரவைத்து மருந்து போட்டபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் விரல்கள் மட்டும், அடிபடாத காலிலும் சேர்த்து, உள்ளே இறுக மடங்கின. வெள்ளை வெளேரென்று ஆகும்வரை மடங்கின. அன்றிலிருந்து அவனுக்கு எங்காவது வலிக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஷீபா அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பாள்.

பிறவியிலேயே இப்படியா என்றால், பாதி பிறவி, மீதி ஒரகடம். அங்கே கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் அசெம்பிளி லைனில் நிற்கிறான். லைனுக்கு மேலே தலைக்கு எட்டுகிற உயரத்தில் மஞ்சள் கயிறு ஒன்று ஓடுகிறது. வேலையில் ஏதாவது தப்பு வந்தாலோ, ஆளுக்கு முடியவில்லை என்றாலோ, அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் மொத்த லைனும் நின்றுவிடும். அந்த ஸ்டேஷனுக்கென்று வைத்திருக்கிற மெட்டு ஒன்று ஸ்பீக்கரில் பாட ஆரம்பிக்கும். சூப்பர்வைசர் ஓடி வருவார். எல்லாத் தலைகளும் திரும்பும். கயிற்றை இழுப்பது தப்பே இல்லை, இழுப்பவரைப் பாராட்டுகிறோம் என்று சுவரில் பெரிய எழுத்தில் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். இழுத்தவனை டீ பிரேக்கில் மற்றவர்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. "இன்னிக்கு இன்னாடா, உன் கச்சேரிதான் களை கட்டிச்சு" என்று ஆரம்பித்தால் வாரக்கணக்கில் ஓடும்.

"என் ஸ்டேஷன் மெட்டு எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்று ஜெபர்சன் விருந்தாளிகளிடம் சொல்வான். அவன் வாழ்க்கையில் பெருமையடித்துக்கொண்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஷீபாவும் கல்யாணத்துக்கு முன்னால் செல்போன் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றவள். அந்தப் பெருமை அவளுக்குப் புரியும். புரிந்ததால்தான் பயமாகவும் இருந்தது.

வலி இடுப்பிலிருந்து இடது காலுக்கு இறங்கி, தொடை, ஆடுசதை என்று பாதம் வரை போய்ச் சேர்ந்தபோது அவள் சண்டை போட்டு, அழுது, கடைசியில் சோறு போட மாட்டேன் என்று மிரட்டி, தண்டலம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வேல்ராஜ் நிதானமான மனிதர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே சவ்வு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துவதைக் காட்டினார்.

"பெரிசா கீற மாட்டேன். பென்சில் நுழையற அளவுக்கு ஒரே ஓட்டை, பக்கவாட்டுல. அது வழியா கேமரா விட்டு, பிதுங்கினதை மட்டும் எடுத்துட்டு வந்துடுவேன். தசையை அறுக்கறதில்ல, எலும்பைப் பெருசா தொடறதில்ல. சாயங்காலமே எழுந்து நடக்கலாம்."

ஜெபர்சனுக்குப் பிடித்துப்போய்விட்டது. சீக்கிரம் லைனுக்குத் திரும்பலாம் அல்லவா!

"ஆனா ஒண்ணு. முழு மயக்கம் கொடுக்க மாட்டோம். அந்த இடம் மட்டும் மரத்துப்போகும், நீங்க முழிச்சுத்தான் இருப்பீங்க. ஏன்னா நான் போற வழியில பக்கத்துலயே நரம்பு இருக்கு. என் கருவி அதுல இடிச்சா உங்க கால்ல ஷாக் அடிச்ச மாதிரி இறங்கும். உடனே நீங்க கத்தணும். நான் அந்த நொடியே நிறுத்தி வேற பக்கமா போவேன். நரம்பு தப்பிக்கறது உங்க வாய்லதான் இருக்கு. வலிச்சா சொல்லுங்க, புரிஞ்சுதா?"

"சரி சார்" என்றான் ஜெபர்சன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான் பாருங்கள்!

ஷீபா குறுக்கே புகுந்தாள். "சார், இவரை முழுசா தூங்க வெச்சே பண்ணிடுங்களேன். இவரு சொல்லவே மாட்டாரு சார்" என்றாள்.

டாக்டர் சிரித்தார். கேலியாக இல்லை, ஆறுதலாகத்தான். "சொல்லாத ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லம்மா. அந்த ஷாக் அப்படிப்பட்டது. எப்பேர்ப்பட்டவனும் கத்திடுவான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஜெபர்சனைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அவன் அவளிடம் எகிறினான். "இன்னா ஷீபா, டாக்டர் எதிர்ல இப்டி அசிங்கப்படுத்துற?"

"வலிச்சா சொல்லுவேன்னு நம்ம பொண்ணு ஜாய் மேல சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் பண்றதே தப்புன்னு பாஸ்டரே சொல்லிக்கீறாரு. உள்ளத உள்ளதுன்னும் இல்லாதத இல்லாததுன்னும் சொன்னா போதும்."

வேதம் பேச மட்டும் வாய் இருந்தது அவனுக்கு.

ஆபரேஷன் அன்று காலையில் லைன் லீடர் தசரதன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஜெபர்சன் மேல் உயிர். பச்சைத் துணி உடுத்தி ஸ்ட்ரெச்சரில் குப்புறப் படுத்திருந்தவனின் தோளைத் தட்டி, "யப்பா, நம்ம லைன் மானம் உன் கையிலதான் கீது. உள்ள போயி அய்யோ அம்மான்னு கச்சேரி வெச்சிடாத" என்றார். ஜெபர்சன் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்ததால் ஷீபாவும் சிரித்துவிட்டாள். பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே ஓடி, "அண்ணன் வெளாட்டுக்குச் சொன்னாரு, நீங்க கத்துங்க, நல்லா கத்துங்க" என்று சொல்வதற்குள் கதவு இரண்டு பக்கமும் ஆடி மூடிக்கொண்டது.

கூட வந்தவர்கள் காத்திருக்கும் ஹாலில் பெரிய டிவி ஒன்றை மாட்டியிருந்தார்கள். எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்காக உள்ளே நடப்பதை அதில் ஓடவிடுவார்களாம். சத்தம் கிடையாது, படம் மட்டும். ஒரு பாதியில் கேமரா முதுகுக்குள் பார்ப்பது தெரிந்தது, மறு பாதியில் அந்த அறை முழுவதும் மேலிருந்து தெரிந்தது. துணிக் குவியலுக்கு அடியில் எங்கேயோ ஜெபர்சன் இருந்தான். மேஜையின் முனையில் அவனுடைய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

உறவினர்களுக்கு விளக்கிச் சொல்வதற்கென்றே ஜோதி என்ற பெண்ணை அங்கே வேலைக்கு வைத்திருந்தார்கள். அவள் திரையைக் காட்டிச் சொன்னாள். "தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க, அது உள்ள கழுவறதுக்கு. நீலமா தெரியறதுதான் கெட்டுப்போன சவ்வு, அடையாளத்துக்கு மருந்து ஏத்தி வெச்சிருக்காங்க. அந்த வெள்ளையா ஓரத்துல இருக்கே, அதான் நரம்பு."

சின்னக் கிடுக்கி ஒன்று வந்து நீலத்தைக் கவ்வி, பிய்த்து, எடுத்துக்கொண்டு போனது. திரும்ப வந்தது. நண்டுச் சதையைத் தோண்டுவது மாதிரி இருக்கிறது என்றார் தசரதன். அவருக்கு ஒரே ஆச்சரியம். "இன்னாமா வேலை செய்றாங்க பாரு தங்கச்சி, நம்ம லைன்ல கூட இவ்ளோ கரெக்டா இல்ல" என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஷீபா அந்தப் பாதியைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்துக்கொண்டு ஜெபம் செய்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் வலி தெரியக்கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். அவள் மட்டும், ஆண்டவரே இந்த மனுஷன் வாயைத் திறந்து கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

முதலில் பாதங்கள் தளர்ந்துதான் கிடந்தன. பிறகு இரண்டு பாதங்களின் விரல்களும் ஒரே சமயத்தில் மடங்கின. உள்ளங்காலுக்குள் போய்விடுவது போல் இறுக மடங்கின.

ஷீபா எழுந்துவிட்டாள். "அண்ணா, அவருக்கு வலிக்குது!"

"எங்க? அவன் ஆடவே இல்லியே" என்றார் தசரதன்.

"கால் வெரலைப் பாருங்க! வலிச்சா அவரு இப்டித்தான் பண்ணுவாரு." ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, உள்ள சொல்லும்மா, நிறுத்தச் சொல்லும்மா. அவருக்கு வலிக்குது, சொல்ல மாட்டாரு."

ஜோதி இதைப் போல் தினம் நாலு பேரைப் பார்க்கிறவள். ஆனாலும் நல்ல பெண். ஷீபாவைத் தட்டிக் கழிக்காமல் சுவரில் இருந்த இண்டர்காமை எடுத்து உள்ளே பேசினாள். ஷீபா திரையில் பார்த்தாள். உள்ளே ஒரு நர்ஸ் போனை வைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்க மருந்து டாக்டரிடம் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் குனிந்து துணிக்கு அடியில் கேட்டாள். பிறகு நிமிர்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வேல்ராஜ் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"கேட்டுட்டாங்கம்மா" என்று ஜோதி சிரித்த முகமாக வந்தாள். "ஓகே மேடம், ஒண்ணும் இல்ல, நீங்க பாருங்கன்னு சொல்றாராம். ரொம்ப நல்ல பேஷண்ட்டுன்னு உள்ள எல்லாரும் சொல்றாங்க."

நல்ல பேஷண்ட்! ஷீபாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கதவைப் போய் இடித்தாள். செக்யூரிட்டி ஓடி வந்து, "உள்ள கிருமி போயிடும்மா, உங்க வூட்டுக்காரருக்குத்தான் ஆபத்து" என்று தடுத்தார். அதையும் மீறி எப்படிப் போவது? உள்ளே போனாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து. அவள் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தபடி நின்றாள். யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவன் உள்ளே படுத்துக்கொண்டு எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பதிலாக அவள் கத்தினால் காதில் வாங்க ஊரில் ஒருவரும் இல்லை.

திரையில் கிடுக்கி மறுபடி வந்தது. வெள்ளை ஓரத்துக்குப் பக்கத்தில் போனது. பாதங்களின் விரல்கள் இன்னும் இறுகின.

பிறகு இடது பாதம் தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து சும்மா கிடந்தது.

"பாத்தியா தங்கச்சி" என்றார் தசரதன், பெருமூச்சு விட்டுக்கொண்டு. "சரியாப்பூச்சு. ரிலாக்ஸ் ஆயிட்டான் நம்மாளு."

வலது பாதத்தின் விரல்கள் அப்படியே மடங்கித்தான் இருந்தன. அதைத் தசரதன் பார்க்கவில்லை. ஷீபா பார்த்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று வேல்ராஜ் வெளியே வந்து சொன்னார். சவ்வை முழுவதும் எடுத்தாகிவிட்டதாம். தையல் ஒன்றே ஒன்று. முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி தீக்குச்சி நீளம்கூட இல்லை. "இதுக்குப் போயி இவ்ளோ பயந்தியே" என்று ஜெபர்சன் வார்டுக்கு வந்ததும் அவளைக் கிண்டல் பண்ணினான். அவன் முகம் தெளிவாக இருந்தது. தசரதன் லைனில் இருந்த எல்லாருக்கும் போன் போட்டு, கத்தி வெட்டுக்கே கண் சிமிட்டாத ஆள் என்று பெருமையடித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

டாக்டர் வந்து, "எங்க, இடது பாதத்தை மேல தூக்குங்க" என்றார்.

ஜெபர்சன் தூக்கினான். அதாவது தூக்கியதாக நினைத்தான். பாதம் கிடந்தபடியே கிடந்தது.

"இந்தக் கட்டைவிரலை மட்டும்?"

அதுவும் வரவில்லை. மரத்துப்போகிற மருந்தின் வேகம் இன்னும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவர், மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார். மருந்தின் வேகம் இறங்கியிருந்தது. பாதம் அப்போதும் தொங்கித்தான் கிடந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று ஷீபாவுக்குத் தெரியும்.

"ஜெபர்சன், நடுவுல கால்ல ஷாக் மாதிரி இறங்கிச்சா?"

அவன் ஷீபாவைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "இறங்குச்சு சார்."

"எத்தனை தடவை?"

"அது... கொஞ்ச நேரம் வுடாம இருந்துச்சு சார். அப்பறம் மரத்துப்பூச்சு."

"ஏம்ப்பா சொல்லல? அதுக்குத்தானே உங்களை முழிக்க வெச்சேன்? கேட்டப்பக்கூட ஓகேன்னு சொன்னீங்களே!"

"நீங்க மும்முரமா வேலை பாத்துக்கினு இருந்தீங்க சார்" என்றான் ஜெபர்சன், மன்னிப்புக் கேட்கிற குரலில். "பக்கத்துல அத்தினி பேரு நின்னுக்கினு கீறாங்க. என்னால எல்லாருக்கும் வேலை நிக்கணுமான்னு..."

வேல்ராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்ததா, துக்கம் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஷீபாவுக்கு இரண்டும் வந்தன. ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும், அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதத்தைத் தூக்க முடியாதவன் லைனில் எப்படி நிற்பான், பைக்கில் கியர் எப்படிப் போடுவான் என்று யோசிக்க ஆரம்பித்து, யோசிக்கப் பயந்து நிறுத்தினாள்.

"நரம்பு அடிபட்டிருக்கு" என்றார் டாக்டர். "தானா திரும்பி வரலாம், மாசக்கணக்கு ஆகும். வராமலும் போகலாம். உள்ள ரத்தம் கட்டி அழுத்துதுன்னா, நான் இன்னிக்கே மறுபடி போய்ப் பார்த்தாகணும். ஸ்கேனுக்கு எழுதிட்டேன். ஆனா அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. இன்னும் கொஞ்ச நேரத்துல டியூட்டி டாக்டர் வந்து கால்ல ஒவ்வொரு இடமா தொட்டுக் கேப்பாரு. எங்க தெரியுது, எங்க தெரியல, குறையுதா கூடுதான்னு நீங்க சொல்றதுதான் எனக்கு வழி. இந்த தடவையாவது உள்ளதைச் சொல்லுங்க."

"கண்டிப்பா சார்" என்றான்.

டாக்டர் எழுந்து போனார். வெளியே நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் அடுத்த ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஜெபர்சன் கண்ணை மூடிக்கொண்டான். ஷீபாவுக்கு, டியூட்டி டாக்டர் வருவதற்குள் தானே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தன்னிடமாவது நிஜத்தைச் சொல்வான் அல்லவா? கட்டிலின் கால்மாட்டுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, கண்ணை மூடிக்கினே இருங்க. நான் கட்டைவெரலுக்கும் பக்கத்து வெரலுக்கும் நடுவுல கிள்ளுவேன். தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"உம், கிள்ளு."

தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்? ஒரு நிமிஷம் தைரியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆங், தெரியுது" என்றான் ஜெபர்சன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவளுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நெஜமாவா?" என்றாள்.

"அட, நெஜமாத்தான் ஷீபா. நல்லா தெரியுது. வுடு, போதும், வலிக்குது" என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஷீபா இன்னும் அவன் காலைத் தொடவே இல்லை.